பையில் விழுந்த மீன்

சித்தி வீட்டு ஜன்னல் கம்பியை நாக்கால் தொட்டால் உப்புக் கரிக்கும். மாத்தூரில் எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியில் மணலிப் பக்கத்து ஆலைப் புகைதான் படிந்திருக்கும், தொட்டால் விரல் கறுக்கும். அதனால் சித்தி இருந்த ராயபுரம் என்றாலே இன்றைக்கும் எனக்கு அந்த உப்புதான் முதலில் நினைவுக்கு வருகிறது. நான் அதிகம் படித்தவள் இல்லை. காலையில் விளக்கேற்றி, சாமிக்குப் பூ வைத்து, அடுப்படிக்குள் போனால் என் பொழுது போய்விடும். ஆனாலும் அந்த ஒரு மார்கழியை எங்காவது எழுதி வைத்துவிட வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டே இருக்கிறது.

சித்தப்பா காசிமேட்டுத் துறைமுகத்திலிருந்து லாஞ்சில், அதாவது பெரிய விசைப்படகில், கடலுக்குப் போகிறவர். தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, "அரப் பரீட்ச லீவுக்கு வந்துடு பாப்பா. ராயபுரத்த ஒரு சந்து வுடாம சுத்திக் காட்றேன். கப்பல் பாக்கலாம், கிறிஸ்மஸ் ஸ்டார் பாக்கலாம், ஐஸ் பேக்டரி பாக்கலாம்" என்று சொல்லியிருந்தார். நான் பரீட்சை எழுதியதே அதை நினைத்துத்தான். லீவு விட்டதும் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போய் இறங்கினால், சித்தி வீட்டு வாசலில் ஒரே கூட்டம். இருட்டில் வலை இழுக்கும்போது அலை அடித்துச் சித்தப்பா கடலில் விழுந்துவிட்டாராம். தேடித் தேடிப் பார்த்துவிட்டு, அவர் இல்லாமல் லாஞ்சு கரைக்கு வந்துவிட்டதாம்.

அப்பா என்னைத் திருப்பி அழைத்துப்போகத்தான் பார்த்தார். சித்திதான் விடவில்லை. "புள்ள இருக்கட்டும் மாமா. அவருதான சுத்திக் காட்றேன்னு சொன்னாரு? நாளிக்கு வந்து 'பாப்பா எங்கடி'ன்னு கேட்டா நான் இன்னா பதில் சொல்றது?"

வேறு ஏதாவது படகு அவரைத் தூக்கியிருக்கும், கடலூர்ப் பக்கமோ ஆந்திராப் பக்கமோ கரை ஏறியிருப்பார் என்று சித்தி அடித்துச் சொன்னாள். சித்தப்பாவின் அண்ணன் தினமும் சாயங்காலம் வந்து உட்கார்ந்து, "காரியத்த முடிச்சிடலாம்மா, ஆத்துமா அலையும்" என்பார். "ஒடம்பப் பாக்காம இன்னா காரியம்? போய் வேலையப் பாருங்க மாமா" என்று சித்தி முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிடுவாள்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. ஆம்பளை கடலில் இருக்கும்வரை சோற்றுப் பானையை வழிக்கக் கூடாது. அடியில் ஒரு கை சோறு அவருக்கென்று இருக்க வேண்டும். மறுநாள் காலையில் அதைச் சித்தியே தண்ணீரில் கரைத்துக் குடிப்பாள். குழந்தை நான் கேட்டால்கூடத் தர மாட்டாள். "அது உன் சித்தப்பா சோறு" என்பாள்.

அப்படியாக, சித்தப்பா காட்டுவதாகச் சொன்ன ஊரைச் சித்தி எனக்குக் காட்டினாள். விடிகாலையில் கோயில் ஒலிபெருக்கி பாட ஆரம்பித்ததும் எழுப்பி, தலைவாரி, பூ வைத்து, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். குழாயடியில் ஒரு அக்கா எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "புருசன் இன்னா ஆனான்னே தெர்ல, இவ ஊர் சுத்தக் கெளம்பிட்டா பாரு" என்றாள். சித்தி நடையை நிறுத்தாமலே, "ஆமாக்கா, சுத்தத்தான் போறேன். நீ குந்திகினு எனக்கும் சேத்து அளு" என்றாள்.

எனக்கு அந்த ஊர் திருவிழா மாதிரி இருந்தது. முதலில் அம்மன் கோயில். அங்கே எலுமிச்சை விளக்கு, சூடு தாங்காத வெண்பொங்கல். பிறகு தர்கா. அங்கே மயிலிறகால் என் தலையைத் தடவி, சித்தி கையில் கறுப்புக் கயிறு கட்டிய பாய், "அல்லா பெரியவன்மா, தைரியமா போ" என்று ஊதி அனுப்பினார். அப்புறம் மாதா கோயில். தெருவுக்குத் தெரு காகித நட்சத்திரம் தொங்க, குடிலுக்குள் களிமண் ஆடுகள் படுத்திருக்க, சித்தி மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு முட்டி போட்டாள். "நாம வேற சாமிதான சித்தி?" என்று கேட்டேன். "கடல்ல கீறவருக்கு எந்த சாமி மொதல்ல கை குடுக்கும்னு யாருக்குடி தெரியும்? பேசாம கும்புடு" என்றாள். நானும் கும்பிட்டேன். எல்லாச் சாமியிடமும் ஒன்றையே கேட்டேன்.

பெரிய பெரிய தூண் வைத்த பழைய ரயில்வே ஸ்டேஷனுக்கும் கூட்டிப்போனாள். "நம்ம பக்கத்துலயே மொத மொத ரயிலு கெளம்பின எடம்டி இது" என்று பெருமையாகச் சொன்னாள். நான் தூணுக்குத் தூண் ஓடி விளையாட, அவள் வந்து நின்ற லோக்கல் ரயிலிலிருந்து இறங்கியவர்களை ஒருவர் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். கடலூரில் கரை ஏறியவர் ரயிலில்தானே வருவார்.

ஒவ்வொரு நாளும் கடைசியாகத் துறைமுகம். ஏலம் போடுகிற சத்தம், ஐஸ் உடைக்கிற சத்தம், வாய் ஓயாத பெண்கள். "ஏ பாப்பா, இன்னா வாயப் பொளந்துகினு பாக்கற? வஞ்சரம் உன்னிய கட்டிக்கிறேன்னு சொல்லுது" என்று ஒருத்தி கிண்டல் செய்ய, கூடையெல்லாம் சிரித்தது. கரை ஓரமாகச் சில பெண்கள் பையை விரித்துப் பிடித்தபடி சும்மா நிற்பார்கள். ஒன்றும் கேட்க மாட்டார்கள். படகிலிருந்து இறங்குகிறவர்கள் அவர்கள் பையில் இரண்டு மீனைப் போட்டுவிட்டு, முகத்தைப் பார்க்காமல் போவார்கள். அவங்க யார் என்று கேட்டேன்.

"கடலுக்குப் போன ஆம்பள திரும்பி வராத வூடு. கொழம்புக்கு மீனு போடறது இங்கத்தி வழக்கம்" என்றாள் சித்தி. "நீ அங்க நிக்காத, இப்டி வா."

புதிதாகக் கரை சேர்ந்த ஒவ்வொரு லாஞ்சிடமும் போய், "எங்க வூட்டுக்காரரப் பத்தி எதுனா சேதி கெடச்சுதா அண்ணே?" என்று கேட்பாள். முதல் சில நாள் எல்லாரும் நின்று பதில் சொன்னார்கள். "வயர்லெஸ்ல சொல்லிக் கீறோம் அண்ணி", "நெல்லூர்ப் பக்கம் விசாரிக்கிறோம்மா." நாளாக ஆக பதில் சுருங்கியது. பிறகு தலையாட்டல்தான்.

அன்றைக்கு, சித்தப்பாவோடு கூடவே கடலுக்குப் போகிற அவருடைய தோஸ்து ஒருவர் இறங்கி வந்தார். சித்தி எதிரே போய்க் கேட்டாள். அவர் தோளில் இருந்த கூடையை இறக்கி, நல்ல சங்கரா மீனாக இரண்டை எடுத்து, சித்தி கையில் தொங்கிய வயர் பையில் போட்டார். தலை நிமிராமல் போய்விட்டார்.

நான் சந்தோஷத்தில் குதித்தேன். "சித்தி, மீன் குடுத்துட்டாங்க!" என்று கத்தினேன். சித்தி பையையே பார்த்துக்கொண்டு நின்றாள். வாலை அடித்துக்கொண்டிருந்த ஒரு மீன் அடங்குகிறவரைக்கும் நின்றாள். பக்கத்தில் ஏலம் போட்டுக்கொண்டிருந்த ஒருத்தி சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

வீட்டுக்கு வந்து மீனை ஆய்ந்து குழம்பு வைத்தாள். எனக்குப் போட்டாள். நான் நன்றாகச் சாப்பிட்டேன், அலைந்த பசி. இன்னும் கொஞ்சம் சோறு என்று தட்டை நீட்டினேன். சித்தி பானையைச் சாய்த்து, கரண்டியால் கரகரவென்று வழித்து, அடியில் இருந்த அந்த ஒரு கை சோற்றையும் என் தட்டில் போட்டாள்.

"சித்தப்பாக்கு?" என்றேன்.

"நீ துன்னு" என்றாள்.

பானையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கறுப்புக் கயிற்றை அவிழ்த்து மாடத்தில் வைத்தாள். சாயங்காலம் சித்தப்பாவின் அண்ணன் வந்ததும், அவர் வாயைத் திறக்கும் முன்னால், "காரியத்துக்கு நாளு பாருங்க மாமா" என்றாள். மறுநாள் அப்பா வந்து என்னை மாத்தூருக்கு அழைத்துப்போனார்.

சித்தப்பாவின் உடம்பு கிடைக்கவே இல்லை. சித்தி அந்தப் பையை எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போகவும் இல்லை. பாரிமுனையில் ஒரு ஆபீசில் பெருக்கித் துடைத்துக் காலத்தைத் தள்ளினாள். அவள் வீடு இருந்த வரிசையே இப்போது இல்லை. கடல் கொஞ்சம் தின்றது, மீதியில் கறுப்புப் பாறைகளைக் கொட்டி ரோடு போட்டார்கள்; கன்டெய்னர் லாரிகள் முட்டிக்கொண்டு நிற்கின்றன. சித்திக்கு ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் ஒரு அறை கொடுத்திருக்கிறார்கள். அதன் ஜன்னல் கம்பியில் உப்பும் இல்லை, புகையும் இல்லை, வெறும் துரு.

நான் இன்றைக்கும் மார்கழியில் அந்த மூன்று வாசலுக்கும் போய்க் கும்பிடுகிறேன். சாமி மேல் எனக்குக் குறை இல்லை. ஆனால் எதையும் கேட்பதை எப்போதோ நிறுத்திவிட்டேன். போன மாசம் சித்தியைப் பார்க்கப் போனபோது, "ஒரு தடவ ராயபுரம் போய்ட்டு வரலாமா சித்தி? ஆட்டோ வைக்கிறேன். நீதான எனக்குச் சுத்திக் காட்டின?" என்று கேட்டேன்.

"வாணாம்டி" என்றாள் சித்தி. "போனா பையில மீனு போடுவானுங்க."

சொல்லிவிட்டு, தனக்கு மட்டும் வடித்திருந்த சோற்றை, ஒரு பருக்கை மிச்சமில்லாமல் வழித்துத் தட்டில் போட்டுக்கொண்டாள்.