சயின்ஸ் சாருக்கு நான் செய்து கொடுத்த டெம்ப்ளேட்

"ஒளிச்சேர்க்கை!" என்று பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் மொத்தமும் ஒரே குரலில் கத்தினார்கள். நான் இந்தப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த அன்று அது. கணக்கு எழுதிக்கொண்டிருந்த என் கையிலிருந்து சாக்பீஸ் கீழே விழுந்து உடைந்தது. தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில் இருக்கிறது எங்கள் பள்ளி. என் வகுப்புக்கும் பக்கத்து வகுப்புக்கும் நடுவில் பாதி உயரத்துக்குத்தான் சுவர். அதற்கு மேலே பலகைத் தடுப்பு. அந்தச் சத்தத்துக்கு நான் திடுக்கிட்டேனே தவிர, என் பிள்ளைகளில் ஒருவரும் அசையவில்லை. முன்வரிசையில் இருந்த ஒருத்தி மட்டும், புதிதாக வந்தவளுக்கு விவரம் சொல்லும் தோரணையில் எழுந்து நின்றாள். "அது சயின்ஸ் சார் கிளாஸ் டீச்சர். சாருக்கு வார்த்தை நிக்கும். பிள்ளேள் எடுத்துக் குடுப்பாவ. அவ்ளோதான்."

சயின்ஸ் சாருக்குப் பேச்சு திக்கும். சாதாரணப் பேச்சில் அவ்வளவாகத் தெரியாது. பாடத்தில் வரும் கனத்த சொற்கள்தான் முதல் எழுத்திலேயே அடைத்துக்கொள்ளும். அப்படி அடைத்துக்கொண்டால் அவர் முட்டி மோத மாட்டார். பிள்ளைகள் பக்கம் திரும்பி, உள்ளங்கையை விரித்து, கொடு என்பதுபோல நீட்டுவார். அந்தக் கையைப் பார்த்ததும் வகுப்பு கிளம்பிவிடும். தவறான சொல் வந்தால் விரலை ஆட்டுவார், இன்னொருவன் வேறு சொல்லுவான், சரியானது வந்ததும் "ஆங்!" என்று கையை மூடிக்கொண்டு மேலே போவார். சார் எங்கே நிற்பார் என்று முன்கூட்டித் தெரியாது என்பதால் பிள்ளைகள் பாடம் முழுவதையும் படித்துக்கொண்டு வருவார்கள். யாரும் சிரித்து நான் கேட்டதில்லை. புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு மற்ற பிள்ளைகளே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள்.

இதையெல்லாம் இன்று நிதானமாக எழுதுகிறேன். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டுதான்: அந்தச் சத்தத்தில் என் கணக்கு வகுப்பு கெடுகிறது, பாவம், இந்த மனுஷர் கஷ்டப்படுகிறார். ஒருவர் கஷ்டப்படுவதைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது. வேண்டும் என்று அவர் கேட்டாரா என்றெல்லாம் யோசிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. என் வீட்டுக்காரர் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். அவர் சொல்லி நான் எதைக் கேட்டேன்?

வகுப்புகளுக்கு ஸ்மார்ட் போர்டு வந்தது. கூடவே, அதிகாரிகள் வந்து பாடம் பார்க்கப் போகிறார்கள் என்ற செய்தியும் வந்தது. பிள்ளைகள் முன்னால் கூச்சமே இல்லாத சயின்ஸ் சார், பெரியவர்கள் முன்னால் சுருங்கிப் போவார். அந்த வாரம் முழுவதும் ஆசிரியர் அறையில் டீயைக் குடிக்காமல் ஆறவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் வீட்டில் லேப்டாப்பை எடுத்து வைத்து அவருக்கென்று ஒரு டெம்ப்ளேட் செய்தேன். பச்சைப் பின்னணி, மேலே தலைப்பு, இடது பக்கம் படம், வலது பக்கம் கட்டங்கள். ரிமோட்டை அமுக்க அமுக்க ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வரி வந்து நிற்கும். எந்தச் சொல் அவருக்குத் திக்கும் என்று தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்தே எனக்கு மனப்பாடம். அந்தச் சொற்களையெல்லாம் பெரிய சிவப்பு எழுத்தில் வைத்தேன். கடைசியில் வினா, விடை, நன்றி. ஓரத்தில் சின்னதாக என் பெயரையும் போட்டுக்கொண்டேன்.

"நீங்க பட்டன அமுக்கினாப் போதும் சார். எல்லாம் அதுவே காட்டிரும். வாயத் தொறக்கவே வேண்டாம்," என்றேன்.

அவர் ஸ்லைடுகளை முன்னும் பின்னுமாகத் தள்ளிப் பார்த்தார். "தொ... தொறக்கவே வேண்டாமா டீச்சர்?" என்று கேட்டார். சந்தோஷத்தில் கேட்கிறார் என்று நினைத்தேன்.

அதிகாரிகள் அசந்துபோனார்கள். தலைமையாசிரியர் எல்லா வகுப்புக்கும் இதே டெம்ப்ளேட்தான் என்று உத்தரவு போட்டார். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். சயின்ஸ் சார் தன் பாடங்கள் முழுவதையும் அந்தக் கட்டங்களுக்குள் அடக்கினார். தடுப்புக்கு அந்தப் பக்கம் சத்தம் நின்றது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு நிம்மதியாக இருந்தது. என் கணக்குப் பாடம் தடங்கலில்லாமல் ஓடியது.

சில வருடங்கள் கழித்து, பேருந்து நிலையத்தில் எங்கள் பழைய மாணவி ஒருத்தியைப் பார்த்தேன். அச்சன்புதூர்ப் பிள்ளை, கல்லூரியில் அறிவியல்தான் படிக்கிறாள். அவளுடைய தம்பி இப்போது சயின்ஸ் சாரிடம் படிக்கிறான்.

"சாருக்குத் திக்கும்ங்கதே எங்க தம்பிக்குத் தெரியாது டீச்சர்! நான் சொல்லுதேன், நம்ப மாட்டேங்கான்," என்றாள்.

ஜெயித்துவிட்டேன் என்று எனக்கு முகமெல்லாம் சிரிப்பு. அவள் சிரிக்கவில்லை.

"ஸ்லைடு எல்லாம் வாட்ஸப்புல வந்துருதாம். பயலுக புஸ்தகத்தத் தொறக்கதே இல்ல. நாங்கள்லாம் சார் கைய நீட்டுததுக்குள்ள சொல்லிரணும்னு எப்படிக் கெடந்து படிப்போம் தெரியுமா? இப்ப சார் கைய நீட்டுதாங்களா டீச்சர்?"

பஸ் வந்துவிட்டது என்று சொல்லித் தப்பித்தேன். பஸ் வரவில்லை.

அவரிடம் பேச வேண்டும் என்று தினமும் நினைத்தேன். என்னவென்று பேசுவது? நான் கொடுத்ததைத் திருப்பிக் கொடுங்கள் என்றா? டீ குடிக்கும்போதெல்லாம், "உங்களால தப்பிச்சேன் டீச்சர்," என்று அவர்தான் நன்றி சொல்லுவார். நான் மிச்ச டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு வகுப்புக்குக் கிளம்பிவிடுவேன்.

இந்தச் சாரல் சீசனில் ஒருநாள் பேய்க்காற்று அடித்தது. எங்கோ கம்பியின் மேல் கிளை விழுந்து மின்சாரம் போய்விட்டது. என் பிள்ளைகளுக்குக் கணக்கைக் கொடுத்துவிட்டு வராந்தாவுக்கு வந்தேன். சயின்ஸ் சாரின் வகுப்பு வாசல் திறந்திருந்தது. போர்டு கறுப்பாகக் கிடந்தது. அவர் ரிமோட்டை மேசைமேல் வைத்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, பிள்ளைகளுக்கு முன்னால் வந்து நின்றார். எனக்குள் அப்படி ஒரு சந்தோஷம்.

"இதயத்துல இருந்து ரத்தத்த உடம்புக்குக் கொண்டு போற குழாய் இருக்குல்லா, அதுக்குப் பேரு த... த..."

திரும்பினார். உள்ளங்கை விரிந்து பிள்ளைகள் பக்கம் நீண்டது.

வகுப்பில் ஒரு சத்தமும் இல்லை. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சாருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்த ஒரு பெண் பாதி எழுந்து, பிறகு உட்கார்ந்தாள். மற்றவர்கள் மெதுவாகத் தலையைக் குனிந்துகொண்டார்கள். நல்ல பிள்ளைகள், அவர் சங்கடப்படுவதைப் பார்க்கக் கூடாது என்றுதான் குனிந்தார்கள். முதல் நாளிலிருந்து நான் அவர்மேல் பட்ட அதே இரக்கம்.

தமனி. என் நாக்கு நுனியில் நின்றது. வாசலில் நின்றபடியே சொல்லியிருக்கலாம். நானும் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவர் கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு அதை மடக்கிச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு, நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

"கரண்டு வரட்டும்லே, பாப்போம்," என்றார். அதில் ஒரு எழுத்துகூடத் திக்கவில்லை.