அர்லங்கூரின் மேடும் ஆற்றோரமும்

"ஜனவரி 19, 1918. சனி. தம்பி அடக்கம். பகல் பதினொன்று. தூறல். அர்லங்கூர்."

அப்பாவின் பட்டாளத்துச் சம்பளப் புத்தகத்தில் கடைசிப் பக்கத்தில், பென்சிலால் எழுதிய குறிப்பு இது. ஊரின் பெயரை மட்டும் கைகாட்டிப் பலகையைப் பார்த்து பிரெஞ்சு எழுத்திலேயே எழுதி வைத்திருக்கிறார். நாட்காட்டியோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். அன்று சனிக்கிழமைதான்.

அப்பாவின் முதலாண்டுப் பூசைக்கு வந்திருக்கும் உறவினர்களில் பலருக்கு அவரை ஆம்பூரில் சேணம் தைத்தவராகவே தெரியும். அர்லங்கூர் என்ற பெயரைக் கேட்டவர்கள் இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள். ஆனாலும் அந்த ஊரைச் சொல்லாமல் இந்த நினைவு மலரில் அப்பாவைப் பற்றி எழுத எனக்கு வழியில்லை.

அப்பா பிறந்தது விரிஞ்சிபுரத்துக்கு அருகே, பாலாற்றங்கரையில். ஞானஸ்நானப் புத்தகத்தில் 1884 என்று பதிந்திருக்கிறது. தாது வருஷப் பஞ்சம் (1876) தொடங்கி எட்டு வருஷம் கழித்துப் பிறந்ததாக அவர் சொல்வார். இரண்டு கணக்கும் ஒத்துப்போகின்றன. பெற்றோர் இருவரையும் ஒரே வாரத்தில் வாந்திபேதி கொண்டுபோனது. ஆறு வயது இளைய தம்பியை, அதாவது என் சித்தப்பாவை, இடுப்பில் தூக்கிக்கொண்டு ஆம்பூருக்கு வந்து தோல் பதனிடும் கிடங்கில் சேர்ந்தார். சுண்ணாம்புக் குழியில் நின்று நின்று அவர் பாதங்களில் விழுந்த வெடிப்புகள் கடைசிவரை ஆறவில்லை. பிறகு சேணம் தைக்கப் பழகினார். சித்தப்பாவுக்கும் அதையே பழக்கினார்.

1916இல் பட்டாளத்துக்கு ஆள் எடுப்பவர் கிடங்குக்கு வந்தார். கோவேறு கழுதைகளுக்குச் சேணமும் வாரும் தைக்க ஆட்கள் தேவைப்பட்டார்கள். அப்பா உடனே பெயர் கொடுத்தார். சித்தப்பாவுக்கு மனமில்லை.

"கடல் தாண்டி இன்னாத்துக்குண்ணா? இங்க அடிக்கிற தோல் நாத்தம் பத்தலியா?"

"சண்ட போடறது வெள்ளக்காரன் பாடுடா. நமக்கு கழுதைக்கு வார் தெக்கற வேல. வாடா, பயந்தாங்கொள்ளி."

சித்தப்பாவுக்கும் சித்திக்கும் கல்யாணமாகி இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. என் அம்மா அதற்கு முன்பே காலமாகிவிட்டதால் என்னை வளர்த்தவரும் சித்தியே. ரயிலடியில் அவர் அப்பாவிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது.

"நீங்கதான் கூட்டிக்கினு போறீங்க மாமா. நீங்கதான் கூட்டிக்கினு வரணும்."

பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் இறங்கி, வடக்கே பல மாதங்கள் அலைந்தபின் அவர்கள் படை குளிர்காலத்துக்குத் தங்கிய ஊர் அர்லங்கூர். நாற்பது வீடு இருக்கும் என்பார் அப்பா. மண் வெள்ளை, வெட்டினால் சுண்ணாம்புக் கட்டியாக உடையும். இரண்டு தெருக்கள் சிலுவைபோல் குறுக்கிட்டுக்கொள்ளும் இடத்தில் ஒரு மேடு, அதன்மேல் கோயில், கோயிலைச் சுற்றிக் கல்லறைத் தோட்டம், அதைச் சுற்றி இடுப்பளவு கல் சுவர். மேட்டின் சரிவெல்லாம் சர்க்கரை எடுக்கும் கிழங்கு வயல். கீழே புல்வெளியும் ஒரு சிற்றாறும். ஆற்றோரத்தில் பாழடைந்த தோல் கிடங்கு ஒன்று இருந்தது. அதன் குழிகளைப் பார்த்தவுடன் சித்தப்பா, "பாருண்ணா, ஆம்பூரு நமக்கு முன்னாடியே வந்து குந்திக்கினு கீது" என்று சிரித்தாராம். இருவரும் அந்தக் கிடங்கில்தான் தங்கி வேலை செய்தார்கள்.

அந்தக் கிடங்கிலேயே நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் கண்டு, ஆறாம் நாள் சித்தப்பா இறந்துபோனார்.

அவர்களும் கத்தோலிக்கர் என்பது தெரிந்ததும் அந்த ஊர் சாமியார் மேட்டுக்கு அழைத்துப்போய், கோயில் கதவுக்குத் தெற்கே சுவரோரமாக ஓர் இடத்தைக் காட்டினார். அப்பா அந்தச் சுவரைப் பார்த்தார். எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்துச் சுவரைப் பற்றி இதை வாசிக்கும் உறவினர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சாதிக் கணக்கில் எங்கள் தெருவாரின் இடம் அதற்கு அந்தப் பக்கம், பாலாற்று மணலை ஒட்டி. இந்தச் சுவரோரத்தையும் அப்பா அதே கணக்கில், ஒதுக்கிவைத்த இடம் என்றே எடுத்துக்கொண்டார். தலையை ஆட்டி மறுத்துவிட்டு, தம்பியை ஆற்றோரப் புல்வெளிக்குச் சுமந்துபோனார். ஊர்க் கிழவி ஒருத்தி ஓடிவந்து வழிமறித்து, ஆற்றையும் தன் மார்பையும் மாறி மாறிக் காட்டினாளாம். தண்ணீர் அவ்வளவு உயரம் வரும் என்கிறாள் என்பது அப்பாவுக்கு நன்றாகவே புரிந்தது.

"பாலாத்தப் பாத்தவன் நானு. இந்த வாய்க்கா இன்னா பண்ணிடும்னு நெனச்சேன்" என்று பிற்காலத்தில் சொன்னார்.

நான்கு வாரத்தில் பனி உருகி ஆறு புல்வெளி முழுவதும் ஏறியது. மரச்சிலுவையின் தலை மட்டும் இரண்டு நாள் தெரிந்தது. மூன்றாம் நாள் அதுவும் தெரியவில்லை. தண்ணீர் வடிவதற்குள் படையை வேறு இடத்துக்குப் போகச் சொல்லி உத்தரவு வந்தது. அப்பா அந்த ஊரை அதற்குப்பின் பார்க்கவில்லை.

1919இல் அவர் திரும்பி வந்தபோது சித்தி வாசற்படியிலேயே நிறுத்திக் கேட்டார்.

"எங்க வெச்சீங்க மாமா?"

"மேட்டுலம்மா. கோயில் செவுத்தோரம்."

"செவுத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

"இந்தப் பக்கந்தாம்மா. உள்ளார."

சித்தி அழுதது அதன் பிறகுதான்.

பதினாறு வருஷம் இந்தப் பதில் எங்கள் வீட்டில் இருந்தது. கல்லறைத் திருநாளில் எல்லாரும் சுவருக்கு அந்தப் பக்கம் மெழுகுவத்தி ஏற்றும்போது, சித்தி தலையை நிமிர்த்திக்கொண்டு நிற்பார். "எங்க ஊட்டுக்காரரு சீமையில கோயிலுக்குள்ளார படுத்துக்கினு கீறாரு" என்று எதிர்ப்பட்டவரிடமெல்லாம் சொல்வார். அப்பா அந்த நாளில் கல்லறைப் பக்கம் வரவே மாட்டார். குடித்ததில்லை, யாரையும் வைததில்லை, தைத்துக்கொண்டே இருப்பார்.

சென்ற ஆண்டு நோயில் படுத்து, இனி எழமாட்டோம் என்று தெரிந்ததும், சித்தியைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"செவுத்துக்குள்ள எடம் குடுத்தாங்க. நீங்க வேணான்னுட்டீங்க."

"ஆமாம்மா."

"நானு இத்தினி வருசமா ஊரெல்லாம் சொல்லிக்கினு இருந்தேனே மாமா. ஒரு நாளாச்சும் என் வாய அடக்கியிருக்கக் கூடாதா?"

அப்பா அதற்குப்பின் பதினொரு நாள் உயிரோடு இருந்தார். சித்தி கஞ்சி ஊட்டினார், துணி மாற்றினார், முதுகைத் தேய்த்துவிட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பாவின் கண்கள் அவர் போகும் பக்கமெல்லாம் போயின. நடந்தது இதுதான். மலரில் எழுதுவதற்காக இதை மாற்ற எனக்கு மனம் வரவில்லை.

அந்தப் பதினொரு நாளுக்குள்ளேயே, அர்லங்கூர்க் கோயில் சாமியாருக்கு நான் கடிதம் எழுதினேன். பதில் வர மூன்று மாதம் ஆயிற்று. இப்போதிருப்பவர் புதியவர். ஆனால் ஊர்ப் பதிவேடுகளைப் புரட்டிப் பொறுமையாக எழுதியிருக்கிறார். முற்காலத்தில் அந்த ஊரின் கல்லறைத் தோட்டம் ஆற்றோரத்தில்தான் இருந்ததாம். வெள்ளம் சவப்பெட்டிகளைக் கொண்டுபோனதால் மேட்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். கோயில் ஒருமுறை படையெடுப்பில் எரிந்து, அந்தச் சுண்ணாம்புக் கல்லாலேயே திரும்பக் கட்டப்பட்டது. தோல் கிடங்கு மூடப்பட்டதற்கும் வெள்ளமே காரணம். கதவுக்குத் தெற்கே உள்ள சுவரோரம், பழைய சாமியார்களும் ஊர்ப் பெரியவர்களும் அடங்கிய இடம். அதைத்தான் அப்பாவுக்குக் காட்டியிருக்கிறார்கள்.

யுத்தம் முடிந்தபின் ஆற்றோரப் புல்வெளியில் அகப்பட்ட பட்டாளத்தாரின் உடல்களை மேலே கொண்டுவந்து அந்தச் சுவரோரமாகவே அடக்கினார்களாம். ஒன்றின் சிலுவையில் பெயர் இல்லை. "இந்தியன்" என்று மட்டும் இருக்கிறது. அகப்பட்டவை இரண்டு என்று சிலரும் மூன்று என்று சிலரும் சொல்கிறார்களாம். எல்லா உடல்களும் அகப்படவில்லை என்பதில் மட்டும் இரு தரப்பாருக்கும் ஒரே பேச்சு.

பிரெஞ்சுக் கடிதத்தை வரிவரியாகத் தமிழில் சொல்லித் தந்த புதுச்சேரி ஆசிரியருக்கும், அப்பா படுத்திருந்தபோது கிடங்கு வேலை முடிந்து தினமும் வந்து தூக்கி உட்காரவைத்த தெருவாருக்கும், இந்தப் பூசைக்காக அணைக்கட்டிலிருந்தும் வாலாஜாபேட்டையிலிருந்தும் வந்திருக்கும் உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. எல்லாரையும்விட சித்திக்கு.

இதை அச்சுக்குக் கொடுக்குமுன் அவருக்குப் படித்துக் காட்டினேன். "மேலே இருப்பது சித்தப்பாதான் என்று எழுதட்டுமா சித்தி? ஒருவேளை அப்படியும் இருக்கலாமே" என்று கேட்டேன்.

"தெரியலன்னா தெரியலன்னே போடு. நம்ப ஊட்ல ஒருத்தர் சொன்னது போதும்" என்றார்.

அர்லங்கூர் மேட்டில், சுவருக்கு உள்ளே, பெயரில்லாத சிலுவையின்கீழ் இருப்பவர் சித்தப்பாவா, அல்லது அவரை ஆறு கொண்டுபோய்விட்டதா என்பது இந்த மலர் அச்சாகும் நாள்வரை உறுதிப்படவில்லை.