முன்னால் நடப்பவர்

தபால்காரர் ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிவிட்டது. இன்னும் எல்லாரும் அவரைத் தபால்காரர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். மறக்க அவர் விட்டால்தானே. பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் அதை இழுத்துக்கொண்டு வந்து தன் கால்களில் நிறுத்திவிடுவார். முப்பத்து நான்கு வருடம், தினமும் பதினெட்டு கிலோமீட்டர், லிஃப்ட் இல்லாத கட்டடங்களில் நாலு நாலு மாடி. "டாக்டரே முழங்காலைத் தட்டிப் பாத்துட்டு இது இரும்புன்னு சொல்லிட்டாரு" என்பார். எந்த டாக்டர் என்று யாரும் கேட்டதில்லை. அந்த இரும்பு முழங்காலில் இரண்டு வருடமாக வலி. குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு களிம்பு தேய்ப்பார், வாசனை வீட்டுக்குள் வராமலிருக்க ஜன்னலைத் திறந்து வைப்பார். மனைவிக்கு எல்லாம் தெரியும். கேட்டால் மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார் என்பதும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு நடைக்குழு உண்டு. நகரத்தின் ஓரத்தில் அடுக்குமாடி வீடுகள் முடிகிற இடத்தில், கார் நிறுத்துமிடத்துக்குப் பின்னால் மரங்கள் தொடங்கும். அதற்குள் ஆற்றை ஒட்டியே ஒற்றையடிப் பாதை ஏழு கிலோமீட்டர் போகும். இரண்டு பேர் சேர்ந்து நடக்க இடமில்லை. ஒரு பக்கம் சரிவு, மறுபக்கம் தண்ணீர். குழுவை நடத்துவது நகராட்சிக் குளத்தில் நீச்சல் சொல்லிக் கொடுக்கும் டீச்சர். அவர் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று. யார் மெதுவாக நடக்கிறாரோ அவர் முன்னால் போகவேண்டும். அவர் வேகம்தான் எல்லாருக்கும் வேகம். யாரும் யாரையும் தாண்டக்கூடாது. இதனால் ஒருவரும் பின்தங்கித் தனியாக மாட்டிக்கொள்ள மாட்டார்கள்.

நல்ல சட்டம்தான். ஆனால் ஒருவரை முன்னால் போகச் சொல்வதும், உங்களால் முடியவில்லை என்று ஊரறியச் சொல்வதும் ஒன்றுதானே. டீச்சர் அதை வாயைத் திறந்து சொல்லமாட்டார். தோளைத் தொட்டு, "நீங்க முன்னால போங்களேன்" என்பார். அவ்வளவுதான், விஷயம் முடிந்தது.

மூன்று வருடமாக அந்த இடம் பேங்க்கில் வேலை பார்த்த பருமனான அம்மாவுக்கு. தபால்காரர் கடைசியில் நடப்பார். அங்கிருந்தபடி, "இன்னைக்கு ஊர்வலம் எத்தனை மணிக்குப் போய்ச் சேரும்?" என்று குரல் கொடுப்பார். எல்லாரும் சிரிப்பார்கள், பேங்க் அம்மாவும் சேர்ந்து சிரிப்பார். பிறகு அந்த அம்மா மகள் வீட்டோடு போய் இருக்கப் போவதாகச் சொன்னார். எல்லாருக்கும் வருத்தம். தபால்காரருக்கு வந்த வருத்தம் வேறு யாருக்கும் வரவில்லை.

அடுத்த ஞாயிறு டீச்சர் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். பார்வை தபால்காரரிடம் வந்து கொஞ்சம் நின்றது. அவர் சட்டென்று குனிந்து, அவிழாத ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டினார். அன்று டீச்சரே முன்னால் நடந்தார். தபால்காரர் மூன்று தடவை பின்தங்கினார். கேட்டதற்குப் பறவை பார்த்துக்கொண்டிருந்தேன் என்றார். காக்கையும் புறாவும் தவிர அவருக்குத் தெரிந்த பறவை கிடையாது.

அந்த வாரமே தங்கை வீட்டுக்குப் போனார்.

தங்கையின் கணவர் பஸ் ஓட்டியவர். இருபத்தெட்டு வருடம் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஊர் சுற்றியவர். ஏழு மாதத்துக்கு முன் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்திருந்தார்கள். அதிலிருந்து ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். தினமும் அரை மணி நேரம் சமதரையில் நடக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"டாக்டரே நடக்கச் சொல்லிட்டாருல்ல? எங்க கூட வாங்க மாப்பிள்ளை" என்றார் தபால்காரர்.

"மேடு கீடு இருக்குமா அண்ணா?" என்று தங்கை கேட்டாள்.

"மேடா? உங்க வீட்டு மாடிப்படி அளவுகூட இல்ல."

நாலாவது கிலோமீட்டரில் ஓர் ஏற்றம் இருந்தது. ஆறு கரையை அரித்துத் தின்றுவிட்டதால் பாதையைச் சரிவின் மேலே ஏற்றிவிட்டிருந்தார்கள். நல்ல முழங்கால் உள்ளவர்களுக்கே அங்கே மூச்சு வாங்கும். தபால்காரர் அதை ஒன்றும் மறந்துவிடவில்லை.

தங்கை கண் கலங்கினாள். "இவரைப் பத்தி நினைக்கிறதுக்கு உன்ன விட்டா யாருண்ணா இருக்கா" என்றாள். அவருக்குச் சுருக்கென்றது. அது நிஜம். காபி குடித்து முடிப்பதற்குள் சரியாகிவிட்டது, அதுவும் நிஜம்.

டிரைவரை முதல் நாளே டீச்சர் தோளைத் தொட்டு முன்னால் அனுப்பினார். அந்த மனிதருக்கோ சந்தோஷம். "பஸ்லயும் நான்தாங்க முன்னால, சில்லறை இருந்தா ஏறுங்க" என்றார். எல்லாருக்கும் அவரைப் பிடித்துப்போயிற்று. தபால்காரருக்கு அன்று வலி பாதியாகக் குறைந்த மாதிரி இருந்தது. டிரைவரின் வேகத்துக்கு நடப்பது பூங்காவில் உலாத்துவது மாதிரி.

இரண்டாவது வாரமே சிக்கல் வந்தது. குழுவில் இருந்த எலக்ட்ரீஷியன், வீட்டுக்குப் போய்ச் சேர பதினொன்றரை ஆகிவிட்டது என்று முணுமுணுத்தான். டீச்சர் தபால்காரரைத் தனியே கூப்பிட்டு, "உங்க மாப்பிள்ளைக்கு இப்போதைக்குப் பூங்காவே போதுமோ?" என்றார். "போகப் போகப் பழகிடுவாரு டீச்சர்" என்றார் தபால்காரர். டிரைவர் போய்விட்டால் அடுத்தது யார்?

ஆகவே டிரைவர் குழுவிலேயே மெதுவான ஆளாகவும் இருக்கவேண்டும், வெளியே அனுப்பும் அளவுக்கு மெதுவாகவும் போய்விடக்கூடாது. இந்தக் கணக்கைச் சரிபார்க்க தபால்காரர் கடைசி இடத்தை விட்டுக்கொடுத்து இரண்டாவதாக வந்தார். டிரைவரின் குதிகாலுக்கு அரை அடி பின்னால் தன் ஷூவை வைத்து வைத்து நடந்தார். பின்னால் காலடிச் சத்தம் நெருங்கினால் எந்த மனிதனும் தன்னை அறியாமல் வேகத்தைக் கூட்டுவான். தெருநாய்களிடம் முப்பத்து நான்கு வருடம் படித்த பாடம் அது.

"மச்சான், கொஞ்சம் மெதுவா" என்பார் டிரைவர்.

"நீங்கதானே முன்னால போறீங்க மாப்பிள்ளை. நாங்க உங்க பின்னாலதானே வர்றோம்" என்பார் தபால்காரர்.

ஐந்தாவது ஞாயிறு. முந்தின இரண்டு நாளும் மழை. ஆறு கலங்கலாக, பாதையை நக்கிக்கொண்டு ஓடியது. ஏற்றத்தின் பாதியில் டிரைவர் நின்று, ஒரு மரத்தில் கையை ஊன்றிக்கொண்டார். முகம் வெளுத்திருந்தது. மேலுதட்டில் வியர்வை.

"ஒரு நிமிஷம் மச்சான்."

"இங்க நின்னா பின்னால எல்லாரும் நிக்கணும். மேல பெஞ்சு போட்டிருக்காங்க, அங்க உக்காருவோம்."

"பெஞ்சு இருக்கா?"

"இருக்கு, நடங்க."

பெஞ்சும் இல்லை, ஒன்றும் இல்லை. இத்தனை வாரம் தலையைக் குனிந்து மூச்சிரைக்க ஏறிய டிரைவருக்கு, மேலே என்ன இருக்கிறது என்று பார்க்க நேரம் இருந்ததில்லை. அன்று ஏறி முடித்ததும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேடினார். பிறகு திரும்பி மச்சானைப் பார்த்தார். கோபமில்லை. புரியாத பார்வை. அப்படியே ஈரமண்ணில் உட்கார்ந்தார், உட்கார்ந்தவர் சாய்ந்துவிட்டார்.

டீச்சர் ஓடிவந்து ஸ்வெட்டரைத் தூக்கிவிட்டு நெஞ்சை அழுத்த ஆரம்பித்தார். அதைச் செய்யத் தெரிந்தவர் அங்கே அவர் ஒருவர்தான். அந்தச் சரிவில் யாருடைய போனுக்கும் சிக்னல் கிடையாது. சாலைக்கு ஏறித்தான் கூப்பிடவேண்டும்.

"நீங்க ஓடுங்க" என்றார் டீச்சர் எலக்ட்ரீஷியனைப் பார்த்து, கையை நிறுத்தாமல்.

"நான் போறேன்" என்றார் தபால்காரர்.

"சார், நான் சீக்கிரம் போயிடுவேன்" என்றான் எலக்ட்ரீஷியன். முப்பது வயது, கயிறு மாதிரி உடம்பு.

"என் தங்கச்சி புருஷன்யா அது! எனக்குக் குறுக்கு வழி தெரியும். முப்பத்து நாலு வருஷம் நடந்த காலு. உனக்கென்ன தெரியும் இந்த இடத்தைப் பத்தி?"

சொந்தக்காரர் அப்படிக் கத்தும்போது யார் என்ன சொல்லமுடியும். எலக்ட்ரீஷியன் பின்வாங்கினான். தபால்காரர் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், அவன் ஓடியிருப்பான். அது அவருக்கும் அந்த நிமிடமே தெரிந்திருந்தது. ஆனால் அத்தனை பேர் எதிரில், உங்களைவிட நான் வேகம் என்று ஒருவன் சொல்லிவிட்டானே. தவிர, அங்கேயே நின்று அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கவும் அவருக்குத் தைரியமில்லை.

முதல் திருப்பம் வரைக்கும் ஓடினார். கண் மறைந்ததும் நொண்ட ஆரம்பித்தார். குறுக்கு வழி அவர் பை தூக்கிய காலத்து வழி. வேரைப் பிடித்துப் பிடித்து ஏறினார், இரண்டு இடத்தில் கையையும் ஊன்றித் தவழ்ந்தார். உச்சியில் புதுக் குடியிருப்புக்காரர்கள் ஆள் உயரத்துக்குக் கம்பிவேலி போட்டிருந்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவளைக் கூப்பிட்டிருக்கலாம், ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணு தாயே என்று கத்தியிருக்கலாம். தவழ்ந்து வந்த கோலத்தில், சேறு அப்பிய கையோடு கூப்பிட அவருக்கு வாய் வரவில்லை. திரும்ப இறங்கி, பழைய பாதைக்கு வந்து, சுற்றிக்கொண்டு போனார்.

சாலைக்கு அவர் வந்து சேர்ந்தபோது நாற்பத்திரண்டு நிமிடம் ஆகியிருந்தது. ஆம்புலன்ஸ் நின்றிருந்தது. பின்கதவு திறந்து கிடந்தது, உள்ளே ஸ்ட்ரெச்சர் இல்லை. நடைபாதை விளிம்பில் எலக்ட்ரீஷியன் உட்கார்ந்திருந்தான். இருபது நிமிடம் பார்த்துவிட்டு டீச்சர் அவனையும் அனுப்பியிருந்தார். பதினோரு நிமிடத்தில் ஓடி ஏறி அவன் போன் செய்திருந்தான்.

"எங்க சார் போனீங்க?" என்று கேட்டான். அதில் குத்தல்கூட இல்லை.

தபால்காரர் கையில் அப்பிய சேற்றைத் துடைத்தார். கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்த இரண்டு ஆம்புலன்ஸ்காரர்களும் அந்த ஏற்றத்தில் இறங்கி ஏறி, முழங்கால் வரை சேறாகியிருந்தார்கள். ஒருவன் அவரைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தான்.

நாலாம் நாள் தங்கை வீட்டு முன்னறையில் நாற்காலிகள் இன்னும் வட்டமாகக் கிடந்தன. எலக்ட்ரீஷியன் துக்கம் கேட்க வந்து, டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கதவோரம் உட்கார்ந்திருந்தான். தங்கை அழுது முடித்திருந்தாள். இப்போது அவளுக்கு ஒன்று தெரிந்தாகவேண்டும்.

"ஒரு இருபது நிமிஷம் முன்னால வந்திருந்தா பொழச்சிருப்பாருன்னு டாக்டர் சொன்னாரு. அந்த இருபது நிமிஷம் எங்கண்ணா போச்சு?"



"நான் பதினஞ்சே நிமிஷத்துல மேல ஏறிட்டேன்மா" என்றார் தபால்காரர்.

"அப்ப ஆம்புலன்ஸ்காரங்கதான் லேட் பண்ணியிருக்காங்க."

அவர் மறுக்கவில்லை. தங்கை எலக்ட்ரீஷியன் பக்கம் திரும்பினாள். "நீங்களும் அங்கதானே இருந்தீங்க தம்பி?"

எலக்ட்ரீஷியன் தபால்காரரைப் பார்த்தான். தபால்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு நேரமெல்லாம் ஞாபகம் இல்லம்மா" என்று சொல்லி, பாதி டீயைக் கீழே வைத்துவிட்டுக் கிளம்பிப் போனான்.

தங்கை உள்ளே போய்த் தாளும் பேனாவும் எடுத்து வந்தாள். "எழுதுண்ணா. நான் விடப்போறதில்ல. நீ எத்தனை மணிக்குக் கூப்பிட்டே, அவங்க எத்தனை மணிக்கு வந்தாங்க, எல்லாத்தையும் எழுது."

தபால்காரர் எழுத ஆரம்பித்தார். நேரத்தைப் போட்டார். பிறகு இன்னொரு நேரத்தைப் போட்டார். தங்கை பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் படித்துக்கொண்டே வந்தாள்.

"இத குடுத்தா அந்த ரெண்டு பேருக்கும் வேலை போகுமாண்ணா?"

பேனா நின்றது. "போகலாம்."

"போகட்டும்" என்றாள் தங்கை. "அவங்களும் அனுபவிக்கட்டும். எழுது."

அவர் எழுதினார்.