ஐந்து மரைப் பிடிப்பு

காற்றடிக்கும் கடையில் குனிந்தபோதுதான் அவர் அதைப் பார்த்தார். பின்பக்க இடது டயரின் வெளிவிளிம்பு புதுசு மாதிரி இருந்தது. உள்விளிம்பைத் தடவியபோது விரலில் என்னவோ குத்தியது. கைபேசி வெளிச்சத்தை அடித்துப் பார்த்தார். ரப்பர் முழுக்கத் தேய்ந்துபோய், உள்ளே இருக்கும் கம்பி இழை ஒரு சாண் நீளத்துக்கு வெளியே தெரிந்தது.

முந்தைய நாள்தான் அவர் மனைவி மகளையும் ஏற்றிக்கொண்டு அதே காரில் நெடுஞ்சாலையில் நூற்றெண்பது கிலோமீட்டர் போய்வந்திருந்தாள். பாதி வழி நல்ல மழை.

"சார், வண்டிய எடுங்க, பின்னாடி நிக்கிறாங்க" என்று கடைக்காரர் மூன்றாவது தடவை சொன்னபோதுதான் அவருக்குக் காது கேட்டது. வீடு இரண்டு கிலோமீட்டர்தான். சாலையின் ஓரத்தை விட்டு நகராமல், சைக்கிள்காரர்கள் முந்திக்கொண்டு போகும் வேகத்தில் ஓட்டி வந்து சேர்ந்தார்.

பயப்படுவது அவருக்குப் புதிதில்லை. மருத்துவமனை எக்ஸ்ரே அறையில் பதினேழு வருட வேலை. சாலையில் அடிபட்டு வருகிறவர்களின் எலும்பை முதலில் பார்ப்பவர் அவர்தான். "கொஞ்சம் அசையாம இருங்க, அவ்வளவுதான், முடிஞ்சிருச்சு" என்று சொல்லிக்கொண்டே படம் எடுப்பார். இரண்டாக முறிந்த தொடையெலும்பு திரையில் வரும்போது முகத்தில் எதையும் காட்டக்கூடாது. காட்டாமல் அடக்கியதெல்லாம் சாயங்காலம் வீடு திரும்பும்போது கூடவே வரும். ஒவ்வொரு சந்திலிருந்தும் யாரோ குறுக்கே பாயப்போவதாகத் தோன்றும். நூலகத்தில் வேலை செய்யும் மனைவிக்கு இது ஒரு வேடிக்கை. "ஊர்ல இருக்கிற பயத்தையெல்லாம் நீங்களே குத்தகைக்கு எடுத்துட்டீங்க. எங்களுக்குக் கொஞ்சமாவது மிச்சம் வைங்க" என்பாள்.

இப்படிப்பட்ட மனிதர் வருடத்துக்கு நாலைந்து ஞாயிற்றுக்கிழமை ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு பந்தயத் தடத்துக்குப் போகிறார் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். போட்டி கிடையாது. அவரவர் காரைக் கொண்டுபோய் இருபது நிமிடம் ஆசைதீர ஓட்டலாம், அவ்வளவுதான். மருத்துவமனை வாசலில் டாக்ஸி ஓட்டுகிறவர் ஒருவர்தான் முதல் தடவை அவரைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனார். தடத்தில் அந்த நண்பருக்கு 'டாக்ஸி' என்றே பெயர், இவருக்கு 'எக்ஸ்ரே'. அங்கே எதிரே யாரும் வருவதில்லை, குறுக்கே யாரும் ஓடுவதில்லை, எல்லோரும் ஒரே திசையில் போகிறார்கள். பயமில்லாமல் வண்டி ஓட்டினால் எப்படி இருக்கும் என்பது நாற்பத்திரண்டாவது வயதில் அவருக்கு அங்கேதான் தெரிந்தது.

டயரைப் பார்த்த மறுநாள், சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மெண்ட் கடைக்குப் போனார். கடையை நடத்துவது ஓர் அம்மாள். கையில் எப்போதும் ஒரு ஸ்பானர், காதில் எப்போதும் ஒரு பென்சில். வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் அவர் அக்காதான்.

"டிராக்குக்காக ஸ்பிரிங்க மாத்தி வண்டிய இறக்குனீங்கல்ல தம்பி? அதோட வேலைதான் இது" என்றார் அக்கா. "வண்டி இறங்குனா பின்சக்கரம் ரெண்டும் தலைய உள்பக்கமா சாய்ச்சுக்கும். கால அகட்டி நிக்கிற ஆளு மாதிரி. எடை பூரா உள்விளிம்புல. சக்கரத்த மேல பிடிச்சிருக்கிற ஆர்ம் இருக்கு பாருங்க, அதைக் கொஞ்சம் நீட்டுனா சக்கரம் நிமிரும். ஆனா கம்பெனி ஆர்ம நீட்ட முடியாது. நீட்டிக் குறைக்கிற ஆர்ம் வாங்கிப் போடணும்."

"எதை வாங்கறதுக்கா?"

"ரெண்டு வகை. மூட்டுல ரப்பர் வச்சது ஒண்ணு, இரும்புக் குண்டு வச்சது ஒண்ணு. ரப்பர் சத்தம் போடாது, ஆனா வளைவுல துளி நெளியும். குண்டு நெளியவே நெளியாது. ஆனா மழை, மண்ணு, தினசரி ஓட்டம் எதுவும் அதுக்கு ஆகாது. தினமும் பிள்ளைய ஏத்திட்டுப் போற வண்டிக்கு ரப்பர்தான் சரி. என்ன, வந்து சேர ஆறு வாரம் ஆகும்."

ஆறு வாரம் என்ற சொல்தான் அவரைக் கவிழ்த்தது. சாய்ந்த சக்கரத்தோடு ஆறு வாரமா? மனைவியும் மகளுமா? அன்று மதியம் முழுக்கக் கைபேசியில் துழாவினார். ஒருவர் ரப்பர்தான் என்றார், ஒருவர் ரப்பரை நம்பினால் போச்சு என்றார், இன்னொருவர் உடைந்துபோன ஓர் ஆர்மின் படத்தைப் போட்டு, 'நான் உயிரோட இருக்கறதே பெருசு' என்று எழுதியிருந்தார். அந்தப் படத்துக்கு மேல் அவரால் படிக்க முடியவில்லை. டாக்ஸிக்குப் போன் போட்டார்.

"மாப்ள, நான் அலுமினியத்துல ஒண்ணு போட்டிருக்கேன், குண்டு வச்சது. அக்காதான் மாட்டிவிட்டாங்க. மூணு நாள்ல வந்துருச்சு. வளைவுல வண்டி தண்டவாளத்துல போற மாதிரி போகுது" என்றார் டாக்ஸி.

மூன்று நாள். அதையே வரவழைத்தார். பளபளவென்று, கைக்கு எடையே தெரியாமல் இருந்தன. அக்கா உதட்டைப் பிதுக்கினார், ஆனாலும் மாட்டிவிட்டார். ஆர்மை நீட்ட நீட்ட, கோணத்தைக் காட்டும் திரையில் சிவப்பாக இருந்த எண்கள் பச்சையாயின. புது டயர் இரண்டு. அவருக்கு மூச்சு சீராக வந்தது.

இரண்டு வாரம்தான். அப்புறம் அந்தச் சத்தம் வந்தது. காலையில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது ஒரே ஒரு 'டக்'. வேகத்தடையில் ஒரு 'டக்'. மகள்தான் முதலில் சொன்னாள்: "அப்பா, பின்னாடி யாரோ கதவத் தட்றாங்க." குண்டு வைத்த ஆர்ம் என்றால் அப்படித்தான் என்றார் டாக்ஸி. அக்காவும் வண்டியைத் தூக்கி, கடப்பாரையைக் கொடுத்து நெம்பிப் பார்த்துவிட்டு, "நீளத்தப் பூட்டி வைக்கிற லாக் நட்டு டைட்டாத்தான் இருக்கு. மூட்டு ஆட்டம்தான் போல" என்றார். எல்லோரும் இருக்கட்டும் என்றார்கள். அவருக்கு மட்டும் இருப்புக்கொள்ளவில்லை. மகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு அவள் படியேறும்வரை பார்த்துக்கொண்டிருப்பார். இன்றைக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்துக்கொள்வார். சாயங்காலம் கூட்டிவர வேண்டுமே என்று உடனே மறுபடி நடுங்குவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தடத்தில் ஓட்டும் நாள். அவர் போகவில்லை. காலை ஏழு மணிக்கே காரை ஜாக்கியில் ஏற்றி இரண்டு ஆர்மையும் கழற்றினார். நட்டுகளை அசைக்கவில்லை, எப்படி இருந்ததோ அப்படியே துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். எலும்பைப் பார்க்கத் தெரிந்தவனுக்கு இதையும் பார்க்கத் தெரியாதா என்று ஓர் எண்ணம்.

எக்ஸ்ரே அறையில் ஞாயிறு முறைக்கு ஒரு டாக்டர் அம்மாள் இருந்தார்.

"டாக்டர், ஒரு கைய படம் எடுக்கணும். நீங்க சரின்னா எடுக்கறேன்."

"எடுங்களேன். பேஷன்ட் எங்க?"

அவர் பையைப் பிரித்தார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரையும் ஆர்மையும் மாறிமாறிப் பார்த்தார். விளையாட்டுக்குச் சொல்கிறவர் இல்லை என்று முகத்தைப் பார்த்தே தெரிந்திருக்க வேண்டும். "ஆள் யாரும் வர்றதுக்குள்ள முடிங்க" என்றார்.

பழக்கதோஷத்தில், மேசையில் கிடத்திய ஆர்மைப் பார்த்து "அசையாம இருங்க" என்று சொல்லிவிட்டார். டாக்டர் சிரித்தார். படம் திரையில் வந்ததும் சிரிப்பு நின்றது.

அலுமினியக் குழல் சாம்பல் நிறத்தில் தெரிந்தது. இருபுறமும் அதற்குள் முறுக்கி நுழைத்திருந்த எஃகுக் கம்பிகள் வெள்ளை வெளேரென்று தெரிந்தன. உள்முனையில் கம்பி ஆழமாக இறங்கியிருந்தது. சக்கரத்தைப் பிடிக்கும் முனையில்? கம்பி குழலின் வாய்க்குள் எட்டிப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டது. குழலுக்குள் பிடித்திருந்த திருகு மரைகளை அவர் விரல் வைத்து எண்ணினார். ஐந்து. சக்கரத்தை நிமிர்த்த நீட்டிக்கொண்டே போனதில், மிச்சம் பிடித்துக்கொண்டிருந்தது ஐந்தே ஐந்து மரை. வெளியே லாக் நட்டு இறுகி உட்கார்ந்து அதை மறைத்திருந்தது. சத்தம் மூட்டிலிருந்து வரவில்லை. அந்த ஐந்து மரைதான் 'டக் டக்' என்று ஆடியிருக்கிறது.

நோயாளிகள் உட்காரும் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். மூன்று வாரம். தினமும் இரண்டு நடை. முகத்தில் எதையும் காட்டாமல் இருக்க அன்றைக்கு அவரால் முடியவில்லை.

"தண்ணி குடிங்க" என்றார் டாக்டர். "அதான் கழட்டிட்டீங்களே. இப்ப என்ன?"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. டாக்ஸியின் காரில் இருப்பதும் இதே ஆர்ம்தான். அந்தக் கார் இதைவிடத் தாழ்வு. அப்படியானால் இன்னும் நீட்டியிருக்க வேண்டும். மணி ஒன்பதே கால். பத்து மணிக்கு முதல் சுற்று.

டாக்ஸி போனை எடுக்கவில்லை. தடத்தில் இறங்குகிறவர்கள் ஒன்பது மணிக்கே போனைப் பெட்டியில் பூட்டிவிடுவார்கள். தடத்தின் அலுவலகத்திலும் மணி அடித்து அடித்து ஓய்ந்தது. அக்காவைக் கூப்பிட்டார். படத்தைப் பற்றிச் சொன்னதும் மறுமுனையில் ஒரு ஸ்பானர் தரையில் விழும் சத்தம் கேட்டது.

"அக்கா?"

"டாக்ஸி தம்பி வண்டிக்கு நான்தான் மாட்டினேன்" என்றார் அக்கா. குரல் அவருடையது மாதிரியே இல்லை. "எண்ணு பச்சைக்கு வந்துச்சு, நட்ட முறுக்கினேன். உள்ள எவ்வளவு பிடிச்சிருக்குன்னு நான் அளக்கல. அங்கேயே நில்லுங்க, வண்டிய எடுத்துட்டு வரேன்."

நாற்பது நிமிட தூரம். அக்கா அந்தப் பழைய வேனை விரட்டு விரட்டென்று விரட்டினார். வேறொரு நாளாக இருந்தால் அந்த வேகத்துக்கே அவருக்கு உயிர் போயிருக்கும். அன்றைக்கு இன்னும் வேகமாகப் போகக்கூடாதா என்று இருந்தது. அவர் டாக்ஸியின் எண்ணை அழுத்திக்கொண்டே வந்தார். வளைவில் திரும்பும்போது சக்கரம் அந்த ஆர்மை வெளிப்பக்கம் இழுக்கும். நீண்ட வளைவு என்றால் நீண்ட நேரம் இழுக்கும். தடத்தின் மூன்றாவது வளைவு அவர் கண்முன்னே வந்து வந்து போனது.

போய்ச் சேர்ந்தபோது பத்து அடித்து ஏழு நிமிடம். கார்கள் தடத்தில் இருந்தன. டாக்ஸியின் வெள்ளைக் கார் நேர்ப்பாதையில் அலறிக்கொண்டு போனது. உள்ளே இரண்டு ஹெல்மெட். பக்கத்தில் இருந்தது டாக்ஸியின் மனைவி. அவர் முதல் தடவையாக வரப்போவதாக டாக்ஸி வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கொடி காட்டுகிறவர் ஒரு மேடைமேல் நின்றிருந்தார். எக்ஸ்ரேக்காரர் யாரிடமும் குரலை உயர்த்திப் பேசியவரில்லை. பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் வந்தால்கூடக் கத்தமாட்டார், அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடப்பார். அவர் மேடையின் இரும்பு ஏணியில் பாதி ஏறி, கொடிக்காரரின் கால்சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"நிறுத்துங்க! வெள்ளக் காரு! பின்சக்கரம் கழண்டுரும்!"

"யாருங்க நீங்க? கீழ இறங்குங்க."

"அப்புறம் என்ன வேணா பண்ணுங்க. மொதல்ல கொடியக் காட்டுங்க! சிவப்பு! சிவப்புக் கொடி!"

கொடிக்காரர் அவர் முகத்தைப் பார்த்தார். அதில் என்ன இருந்ததோ, கை தானாகக் கொடிக்குப் போனது.

அதற்குள் வெள்ளைக் கார் மூன்றாவது வளைவுக்குள் நுழைந்திருந்தது. அவர் ஏணியைக் கட்டிக்கொண்டு பார்த்தார். கார் சாய்ந்தது. பின்பக்கம் ஒருமுறை துள்ளியது, அல்லது அவருக்குத் துள்ளியதாகப்பட்டது. வளைவு முடியவே முடியாது போலிருந்தது. பிறகு கார் நிமிர்ந்தது, கொடியைப் பார்த்து வேகம் குறைந்தது, ஊர்ந்து உள்ளே வந்தது.

டாக்ஸி கதவைத் திறந்த வேகத்திலேயே கோபம் தெரிந்தது. "என்ன மாப்ள, விளையாடறியா? பொண்டாட்டி முன்னாடி மானத்த வாங்கறியே!"

அக்கா ஜாக்கியைத் தள்ளி வண்டியைத் தூக்கினார், இடது சக்கரத்தைக் கழற்றினார், ஆர்மின் வெளிமுனைப் போல்ட்டை உருவினார். லாக் நட்டைத் தளர்த்திவிட்டு, டாக்ஸியின் கையைப் பிடித்து அந்த முனைமேல் வைத்தார். "நீங்களே திருகுங்க தம்பி."

டாக்ஸி திருகினார். ஒரு சுற்று. இரண்டு சுற்று. மூன்றாவது சுற்று முடிவதற்குள் கம்பி கையோடு வந்துவிட்டது. குழலின் வாயிலிருந்து அலுமினியத் தூள் கொஞ்சம் உதிர்ந்தது.

டாக்ஸி கையுறையைக் கழற்றப் பார்த்தார், வேர்வையில் ஒட்டி அது வரவில்லை. அவர் மனைவிதான் வந்து விரல் விரலாக உருவிவிட்டார். உருவிவிட்டு, அடுக்கி வைத்திருந்த டயர்கள்மேல் உட்கார்ந்து, "ரெண்டு பேரும் வந்துட்டோம்னு பசங்களுக்கு ஒரு போன் போடுங்க" என்றார்.

கொடிக்காரர் கம்பியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தடத்தில் இருந்த மற்ற கார்களையும் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்க்கச் சொன்னார். இன்னொரு காரிலும் அதே ஆர்ம் இருந்தது.

ரப்பர் வைத்த ஆர்ம் வர ஏழு வாரம் ஆனது. கறுப்பாக, கனமாக, பார்க்க ஒரு லட்சணமும் இல்லாமல் இருந்தது. குழலின் பக்கவாட்டில் சின்னதாக ஓர் ஓட்டை. அதில் ஒரு மெல்லிய கம்பியை நுழைத்துப் பார்க்க வேண்டும். உள்ளே முட்டினால் மரை போதுமான ஆழத்தில் இருக்கிறது, முட்டாமல் போனால் இல்லை. வண்டியையும் ஒரு விரல்கடை உயர்த்திவிட்டார் அக்கா. அலுமினிய ஆர்மை விற்றவனுக்கு நாலு கடிதம் எழுதியும் பதில் இல்லை. எக்ஸ்ரே படத்தை அக்கா கேட்டு வாங்கி அலைன்மெண்ட் திரைக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தார். வருகிறவர்கள் யாருடைய எலும்பு என்று கேட்பார்கள். "எனக்குப் புத்தி சொன்ன எலும்பு" என்பார்.

அந்த ஏழு வாரமும் அவர் வீட்டில் எல்லோரும் பஸ்ஸில் போனார்கள். பஸ்ஸுக்கும் அவர் பயந்தார்.

மழைக்காலம் முடிந்து மறுபடி தடத்துக்குப் போனபோது மனைவியும் கூட வந்தாள், ஓட்டுவதைப் பார்க்க. மூன்றாவது வளைவு வந்ததும் அவர் கால் தானாக வெகு முன்னாலேயே பிரேக்குக்குப் போனது. பின்பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டே திருப்பினார். சத்தம் எதுவும் இல்லை. இருந்தும் அடுத்த வளைவிலும் கால் முன்னாலேயே பிரேக்கைத் தேடியது. இருபது நிமிடமும் அப்படியேதான் ஓட்டினார், எல்லோரும் அவரை முந்திக்கொண்டு போனார்கள்.

இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றியதும் மனைவி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"எப்படி இருந்துச்சு?"

"பயமா இருந்துச்சு."

அவள் அன்றைக்குக் கிண்டல் செய்யவில்லை. அவர் காருக்கு அடியில் படுத்து, ஓட்டையில் கம்பியை நுழைத்து, இரண்டு பக்கமும் முட்டுகிறதா என்று பார்க்கும்வரை வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே குந்தியிருந்தாள்.