ஞாயிற்றுக்கிழமை வெடி

சந்தேகம் எனக்குக் கூடப் பிறந்தது. பால்காரர் சிரித்தால் அன்றைக்குப் பாலில் தண்ணீர் என்று நினைப்பேன். அப்படிப்பட்டவளுக்குத் தங்கை வெளிநாட்டில் நர்ஸாக இருந்தால் மனசு எப்படி அடங்கும்?

பெரம்பலூரில் நர்ஸிங் படித்தவள், சண்டை நடக்கும் நாடு என்று தெரிந்தே போனாள். "சண்டை வடக்கதான்க்கா. எங்க ஆஸ்பத்திரி தெக்க, கடலோரத்துல இருக்கு" என்றாள். ஞாயிறு பூசை முடிந்து நாங்கள் வீடு திரும்பியதும் வீடியோவில் கூப்பிடுவாள். அம்மா மகளின் முகத்தையே பார்ப்பாள். நான் பின்னால் நின்று, தங்கைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்பேன்.

முதலில் ஒரு ஜன்னலும் மரமும் தெரிந்தன. சில மாதங்களில் இரண்டையும் காணோம். சாம்பல் நிறச் சுவர், அதில் தண்ணீர்க் குழாய்கள், பட்டப்பகலில் டியூப்லைட். ஆசையாகத் தைத்துக்கொண்டு போன வெள்ளை உடுப்பும் இல்லை. சாயம் போன சுடிதாரில் நின்றாள்.

"டியூட்டியிலதான இருக்க, யூனிபார்ம் எங்க?"

"தொவைக்கப் போட்டிருக்குக்கா."

வாரா வாரம் இதே பதில். வேலை போய்விட்டது, ஏஜென்ட் ஏமாற்றிவிட்டான், யாரையோ கல்யாணம் செய்துகொண்டு மறைக்கிறாள் என்று எனக்குள் கதை ஓடிக்கொண்டே இருந்தது.

ஒரு ஞாயிறு, பேச்சின் நடுவே அவள் பக்கம் தொம்மென்று சத்தம். சுவரிலிருந்து தூசி கொட்டியது. என்ன சத்தம் என்று அம்மா கேட்டாள்.

"இங்கயும் சுண்ணாம்புக் கல்லு எடுக்குறாங்கம்மா. குவாரி வெடிதான்."

அம்மா அத்துடன் விட்டுவிட்டாள். இத்தனை சந்தேகப்படும் நானும்தான். அரியலூரில் எங்கள் வீடு குவாரிக்குப் பக்கத்தில். அப்பா அங்கே வேலை பார்த்தவர். மதியம் எச்சரிக்கைச் சங்கு ஊதும், பிறகு வெடி வைப்பார்கள், அலமாரிப் பாத்திரம் குலுங்கும், நாங்கள் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருப்போம். வெடி என்றால் வேறு எதுவும் நினைக்கத் தெரியாத ஊர்க்காரர்கள். வேறு ஊர்க்காரியிடம் இந்தப் பொய் செல்லுபடியாகியிருக்காது.

பாத்திரம் தேய்க்கும்போதுதான் உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை எந்தக் குவாரியில் வெடி வைக்கிறார்கள்?

கொல்லைப்பக்கம் போய் நானே கூப்பிட்டேன். "உண்மையச் சொல்லு. இல்லன்னா அம்மாகிட்ட போனக் குடுத்துடுவேன்."

அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்துவது கேட்டது.

"மேல் மாடியெல்லாம் போயிடுச்சுக்கா. இப்ப அண்டர்கிரவுண்டுலதான் எல்லாரையும் வெச்சிருக்கோம். ஆஸ்பத்திரின்னு தெரிஞ்சா வுட்டுடுவாங்கன்னு மொட்டமாடியில பெருசா குறி போட்டிருந்தோம். அதப் பாத்துத்தான் குண்டு போட்டாங்களோன்னு இருக்கு. அதான் யாரும் வெள்ளையும் போடறதில்ல."

எனக்குக் கோபம் வந்தது, யார்மீது என்றே தெரியாத கோபம். "கெளம்பி வாடி" என்றேன்.

"கொறமாசத்துப் புள்ளைங்க கண்ணாடிப் பொட்டியில கெடக்குதுக்கா. கரண்ட் நின்னா நாங்கதான் கையால மூச்சுக் குடுக்குறோம். இருந்த நர்ஸுங்கள்ல பாதிப் பேரு ஊருக்குப் போயிட்டாங்க. நானும் வந்துட்டா..." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அம்மாகிட்ட சொல்லிடாதக்கா. பிரஷர் ஏறிடும்."

சொல்லவில்லை. வாரம் முழுக்க அம்மாவின் முகத்தைப் பார்க்காமலே சோறு போட்டேன்.

அடுத்த ஞாயிறும் கூப்பிட்டாள். சாப்பிட்டாயா என்று அம்மா கேட்டுக்கொண்டிருக்கும்போதே சத்தம், இந்த முறை மிகப் பக்கத்தில். டியூப்லைட் அணைந்தது. யாரோ ஓடினார்கள். லைன் அறுந்தது. நான் திரும்பத் திரும்ப அழைத்தேன், மணியே போகவில்லை.

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"குவாரி வெடிம்மா" என்றேன். என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது.

அம்மா போனை என் கையிலிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அப்பா குவாரிக்குப் போன காலமெல்லாம் அந்தச் சங்குக்குக் காது கொடுத்துக்கொண்டே சமைத்தவள் அவள்.

"சங்கே ஊதலையேடி" என்றாள்.