முதல் ஓட்டம்

ரெங்கசாமி பெண்டாட்டி பேச்சைக் கேட்கிற ஆள் இல்லை என்பது இலுப்பூர்ச் சந்தை வரைக்கும் தெரிந்த விஷயம். மேட்டு நிலத்தில் போர் போடாதீங்க, தண்ணி இருக்காது என்று செவந்தி சொன்னாள். போட்டார், புழுதிதான் வந்தது. தென்னங்கன்றை வரப்போரம் வைக்காதீங்க என்றாள். வைத்தார், இப்போது மட்டையும் தேங்காயும் பக்கத்து வயலில் விழுந்து வருஷம் தவறாமல் சண்டை. இத்தனைக்கும் அவள் ஒரு தடவைகூட "நான் அப்பவே சொன்னேன்ல" என்று கேட்டது கிடையாது. அதுதான் அவருக்குப் பெரிய எரிச்சல். கேட்டுத் தொலைத்தால் பதிலுக்குச் சத்தம் போட்டுவிட்டு நிம்மதியாகச் சாப்பிடலாம். அவளோ சோற்றைப் போட்டு வைத்துவிட்டு மாட்டைப் பிடித்துக் கட்டப் போய்விடுவாள்.

அப்படிப்பட்ட மனுஷன் ஆயுசில் இரண்டு தடவை அவள் பேச்சைக் கேட்டார். ஒன்று, வண்டி வாங்கும்போது. இன்னொன்றும் அந்த வண்டி சம்பந்தப்பட்டதுதான்.

அவர்களுக்குக் கொஞ்சம் நிலமும் கடலை ஆய்கிற மெஷின் ஒன்றும் இருந்தன. பிடுங்கிய செடியை அள்ளிப் போட்டால் காயைத் தனியாக உதிர்த்துக் கொடுக்கும் மெஷின். இரண்டு சக்கரம், முன்னால் இழுத்துப் போக ஒரு நீள இரும்புத் தண்டு. கடலை எடுக்கும் காலத்தில் சுற்று வட்டாரம் முழுக்க அதற்கு வேலை இருக்கும். ஆனால் மெஷின் தானாக நடந்து போகாதே. மலையாண்டியின் டிராக்டர் வந்து இழுக்க வேண்டும், மலையாண்டியோ தனக்கு ஒழிந்தபோதுதான் வருவார். அதற்குள் மழை பிடித்து, பிடுங்கிப் போட்ட கடலை வயலிலேயே முளைத்துவிட்டால், ஜனங்கள் மலையாண்டியைத் திட்டுவதில்லை. ரெங்கசாமியைத்தான் திட்டினார்கள்.

மகன் ரகுநாத் கத்தாரில் ஏசி மாட்டுகிற வேலையில் இருந்தான். ஒருநாள் போனில், சொந்தமாக ஒரு பிக்கப் வாங்கிவிடுங்கள், மெஷினையும் இழுக்கலாம், வரும்போது மூட்டையும் ஏற்றலாம், பணம் நான் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டான். ரெங்கசாமிக்கு அன்றிலிருந்து கால் தரையில் பாவவில்லை. வாலிபத்தில் வேன் ஓட்டியவர். வண்டி விஷயத்தில் தனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்பது அவருடைய எண்ணம்.

புதுக்கோட்டை ஷோரூமில் நுழைந்ததும் அவர் கண் ஒரு சிவப்பு வண்டியில் போய் நின்றது. முன்னால் சீட்டு, பின்னால் இன்னொரு வரிசை சீட்டு, உள்ளே பாட்டுப் பெட்டி. ஐயாவுக்கென்றே செய்த வண்டி என்று விற்கிற பையன் சொன்னான். ஐயாவும் அப்படித்தான் நினைத்தார். திரும்பிப் பார்த்தால் செவந்தியைக் காணோம். மூலையில் நின்ற ஒரு வெள்ளை வண்டிக்குப் பின்னால், முந்தானையைச் செருகிக்கொண்டு குத்த வைத்திருந்தாள். கையில் ஒரு துண்டுக் கயிறு. கயிற்றில் ஒரே ஒரு முடிச்சு.

வீட்டில் மெஷினின் தண்டைச் சமமாகத் தூக்கிப் பிடித்துத் தரையிலிருந்து அளந்து போட்ட முடிச்சு அது. இத்தனை வருஷமும் அந்தத் தண்டைத் தூக்கி டிராக்டர் கொக்கியில் மாட்டியது அவள்தான். மலையாண்டி சீட்டை விட்டு இறங்க மாட்டார். ரெங்கசாமி பக்கத்தில் நின்று "வா, வா, இன்னும் வா" என்று கையை ஆட்டுவார். அது ஒரு வேலை என்று அவர் மனசார நம்பியும் இருந்தார். சிவப்பு வண்டியில் கொக்கி வருகிற இடம் முடிச்சுக்கு ஒரு சாண் மேலே இருந்தது. வெள்ளையில் முடிச்சும் கொக்கியும் நேருக்கு நேர் நின்றன.

"மாட்டப்போறது நானு. என் இடுப்பு ஒசரத்துல இருந்தாத்தான எனக்குத் தூக்க வரும்" என்றாள். "பின்னாடி சீட்டுல யார ஒக்கார வச்சுக் கூட்டிப் போகப் போறீங்க? இருக்கது நம்ம ரெண்டு பேரு. அந்த எடத்துல நாலு மூட்டை கூட ஏத்தலாம்."

ரெங்கசாமி முகத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே டீக்கடைக்குப் போனார். டீ ஆறிக்கொண்டிருந்தது. அவருக்குப் போர் போட்ட குழி ஞாபகம் வந்தது, தென்னை மட்டை ஞாபகம் வந்தது. திரும்பி வந்து வெள்ளை வண்டியையே எழுதச் சொன்னார். ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் செவந்தி, வெள்ளை சீக்கிரம் அழுக்காகும், அதுக்கென்ன, நான் கழுவிவிட்டுக்கிறேன் என்று தனக்குத் தானே சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தாள்.

மாசி மாதம் ஒரு முகூர்த்த நாளில் ஷோரூம் டிரைவரே வண்டியைக் கொண்டுவந்து வாசலில் விட்டார். போகும் முன் மெஷினுக்கு நேராகப் பின்னால் எடுத்துக் காட்டச் சொன்னாள் செவந்தி. தண்டு கொக்கியில் போய் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி உட்கார்ந்தது. முப்பது வருஷமாக இந்தப் பொம்பிளை சொன்னதெல்லாம் சரியாகத்தான் இருந்திருக்கிறது என்பது அப்போதுதான் ரெங்கசாமிக்கு முழுசாக உறைத்தது.

"இனிமே நீ சொல்றதத்தான் கேக்கப்போறேன், செவந்தி."

"ஆமா, கேட்டுக் கிழிச்சீங்க" என்றாள் அவள். ஆனாலும் முகமெல்லாம் சந்தோஷம்.

மறுநாள் காலையில் குலதெய்வம் கோயிலில் மாலை போட்டு, சூடம் காட்டி, எலுமிச்சம்பழத்தை நசுக்கி முதல் ஓட்டம் ஓட்டுவதாக இருந்தது. அதுவரைக்கும் யாரும் எடுத்துவிடக் கூடாதென்று சாயங்காலமே நான்கு சக்கரத்துக்கு முன்னாலும் பழத்தை வைத்துவிட்டாள். விடிவதற்குள் பங்காளி வீட்டில் சின்னப்பிள்ளைக் கிழவி செத்துப்போனாள். தொண்ணூறைத் தாண்டியும் பேர் சின்னப்பிள்ளை. இத்தனை வருஷம் இருந்தவள் இன்னும் ஒரு பொழுது இருந்திருக்கக் கூடாதா என்று ரெங்கசாமி பல்லைக் கடித்தார். பங்காளிக்குத் தீட்டு. கருமாதி முடிகிற வரைக்கும் கோயில் வாசலை மிதிக்க முடியாது. சாமி கும்பிடாத புது வண்டியை எடுப்பதும் வழக்கமில்லை. அதனால் வண்டி வாசலிலேயே, ரோட்டைப் பார்த்த முகமாக நின்றது. செவந்தி தினமும் ஈரத்துணியால் துடைத்துவிட்டாள்.

கருமாதிக்குச் சில நாள் இருக்கும்போது ஒரு காலையில், பால் கறக்கப் போனவள் பாதிச் செம்போடு திரும்பி வந்து வாசலில் உட்கார்ந்தாள். முகமெல்லாம் வேர்த்திருந்தது. நெஞ்சை அடைக்கிறது, வாயுவாகத்தான் இருக்கும் என்றாள். சுக்குத் தண்ணி வைத்துக் கொடுத்தார். டம்ளரைப் பிடித்த கை சில்லிட்டிருந்தது. ரெங்கசாமி உள்ளே ஓடிப்போய், சாமி படத்துக்குக் கீழே ஆணியில் தொங்கிய வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வந்தார். சாவியைப் பார்த்ததும் அவள் எட்டி அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாங்க. சாமி கும்புடாத வண்டி, தீட்டு வேற. மொத ஓட்டமே ஆஸ்பத்திரிக்குன்னா அப்பறம் அது சீக்காளி ஏத்துற வண்டியாவே போயிரும். புள்ள வெயில்ல கெடந்து சம்பாரிச்ச காசு. நாகராசு ஆட்டோவக் கூப்புடுங்க, போயிட்டு வந்துருவோம்."

வேறு எந்த நாளாக இருந்தாலும் ரெங்கசாமி என்ன செய்திருப்பார் என்று ஊருக்கே தெரியும். "ஒன் சாஸ்திரத்தத் தூக்கி அடுப்புல போடு" என்று கத்தியிருப்பார். கடலை மூட்டையைத் தூக்குகிற மாதிரி அவளைத் தூக்கி சீட்டில் போட்டிருப்பார். வண்டி ஊர் எல்லையைத் தாண்டியிருக்கும். ஆனால் அவர் இனிமேல் கேட்கிறேன் என்று வாயால் சொன்ன மனுஷன். கொக்கி விஷயத்தில் சரியாகச் சொன்னவள் இதிலும் சரியாகத்தான் சொல்வாள் என்று நினைத்தார். சாவியைக் கொண்டுபோய் ஆணியிலேயே மாட்டினார்.

நாகராசு பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போயிருந்தான். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார்கள். அது வேறொரு பிரசவத்துக்குப் போய்விட்டு, அங்கிருந்து இங்கே வர வேண்டியிருந்தது. யார் பேரிலும் குற்றமில்லை. எல்லாரும் அவரவரால் முடிந்த வேகத்தில்தான் வந்தார்கள். அதுவரைக்கும் வெயில் படாமல் இருக்கட்டும் என்று கட்டிலைத் தூக்கி வண்டியின் நிழலில் போட்டு அவளைப் படுக்க வைத்தார் ரெங்கசாமி. அவள் ஒரு தடவை கையை நீட்டி டயரைத் தொட்டுப் பார்த்தாள். தூசி இருக்கிறது என்றாள்.

இலுப்பூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கையைப் பிடித்துப் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருக்கலாமே ஐயா என்று மெதுவாகத்தான் சொன்னார். ரெங்கசாமி அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ரகுநாத் வந்து கொள்ளி வைத்தான். அம்மாவின் கருமாதி வரைக்கும் அப்பாவோடு அதிகம் பேசவில்லை. கருமாதி முடிந்த சாயங்காலம், பந்தல் பிரித்த வாசலில் வண்டி மட்டும் வெள்ளையாக நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"ஏம்ப்பா, வண்டி வாசல்லதான நின்னுச்சு?"

பதில் ரெங்கசாமியின் தொண்டை வரைக்கும் வந்தது. ஒங்கம்மாதான் வேணாம்னா, ஒன் காசுன்னுதான் வேணாம்னா. இதைச் சொன்னால் அந்தப் பிள்ளை இனிமேல் கத்தாரில் எப்படி ஒரு வாய் சோறு சாப்பிடும்? செத்துப்போனவள் மேல் எப்படிப் பழியைத் தூக்கி வைப்பது? அவர் குனிந்து தரையைப் பார்த்தார். அப்பா வழக்கம்போல் தன் இஷ்டத்துக்குத்தான் ஏதோ செய்திருக்கிறார் என்று மகன் நினைத்துக்கொண்டான். நினைக்கட்டும் என்று விட்டுவிட்டார். கத்தாருக்குப் போனபிறகு, வண்டியை விற்றுவிடுங்கள் என்று மட்டும் ஒரு தடவை போனில் சொன்னான். அவர் விற்கவில்லை.

பெண்டாட்டி செத்த வீடு. வருஷம் திரும்புகிற வரைக்கும் கோயிலுக்குப் போக முடியாது. சக்கரத்துக்கு முன்னால் வைத்த எலுமிச்சம்பழங்கள் காய்ந்து கறுத்துக் கொட்டைப்பாக்கு மாதிரி ஆகிவிட்டன. துடைக்க ஆளில்லாமல் வெள்ளை வண்டி செம்மண் நிறத்துக்கு வந்தது. அவர் அந்தப் பக்கம் பார்ப்பதையே விட்டுவிட்டார்.

சித்திரையில் கடலை எடுப்பு வந்தது. முத்துமாரியம்மாள் என்று பக்கத்துத் தெருவில் ஒருத்தி, புருஷன் இல்லாதவள், இருந்த அரை ஏக்கரிலும் செடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டாள். மேற்கே மேகம் கட்டியது. மலையாண்டியின் டிராக்டர் செங்கல் ஏற்றப் போயிருந்தது. அவள் ரெங்கசாமியின் வாசலில் வந்து நின்றாள். வண்டியைக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. வானத்தைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

ரெங்கசாமி உள்ளே போய்ச் சாவியை எடுத்தார். வண்டியைப் பின்னால் எடுத்து மெஷினுக்கு நேராக நிறுத்தினார். இறங்கி வந்து தண்டைத் தூக்கினார். இடுப்பு பிடித்துக்கொண்டது. இவ்வளவு கனமா இது என்று திகைத்துப் போனார். இத்தனை வருஷத்தில் ஒரு தடவையாவது அவர் அதைத் தூக்கியிருந்தால் தெரிந்திருக்கும். கையை ஆட்டி "வா, வா" என்று சொன்ன நேரத்திலெல்லாம் அவள் இந்தக் கனத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். தண்டு கொக்கியில் சரியாக உட்கார்ந்தது. அவர் மெஷினைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். முத்துமாரியம்மாளும் அழுதாள்.

வண்டி நகர்ந்தபோது பழங்கள் சருகு மாதிரி நொறுங்கின. சாறு ஒரு சொட்டு வரவில்லை.

மெஷினை வயலில் கொண்டுபோய், வண்டியிலிருந்து கழற்றி நிறுத்தி ஓடவிட்டார். மெஷினுக்கு டீசல் பத்தாது போலிருந்தது. ஆள்களைச் செடி அள்ளிப் போடச் சொல்லிவிட்டு, வெறும் வண்டியோடு இலுப்பூருக்கு விட்டார். வண்டி சொன்னபடி கேட்டது. பள்ளம் மேடு தெரியவில்லை. இலுப்பூர் இத்தனை கிட்டத்திலா இருந்தது என்று நினைத்தார். பெட்ரோல் பங்குக்குப் போகிற வழியில்தான் ஆஸ்பத்திரி. திருப்ப வேண்டும் என்று அவர் நினைக்கவேயில்லை. கை திருப்பிவிட்டது. அவசரச் சிகிச்சை வாசலில் போய் வண்டி நின்றது.

காவலாளி சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார். இடது பக்கக் கதவைத் திறந்தார். சீட்டில் ஷோரூமில் போட்ட பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை.

"பேஷண்டு எங்கங்க?"

ரெங்கசாமி காலியான சீட்டைப் பார்த்தார். மகனிடம் சொல்லாதது, ஊரில் ஒருத்தரிடமும் சொல்லாதது, முன்பின் தெரியாத ஒரு மனுஷனிடம் வாயை விட்டு வந்துவிட்டது.

"வரமாட்டேன்னுட்டா."

"யாரு, வீட்டம்மாவா? என்ன பண்ணுது?"

"நெஞ்சு வலிக்குதுன்னா."

காவலாளிக்குக் கோபம் வந்துவிட்டது. இப்படி எத்தனை பேரைப் பார்த்திருப்பார்.

"நல்லா வந்தீங்க போங்க. நோவாளி பேச்சக் கேட்டுக்கிட்டா விட்டுட்டு வருவாக? தூக்கி வண்டியில போட்டுக்கிட்டு வர வேணாமா?"

"ஆமாங்க" என்றார் ரெங்கசாமி.

அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் காவலாளி கொஞ்சம் தணிந்தார். கதவை மெதுவாகச் சாத்தினார்.

"சரி, கலங்காதீங்க. அதான் வண்டி இருக்குல்ல. வெரசாப் போயிக் கூட்டியாங்க."

"சரிங்க" என்று சொல்லிவிட்டு ரெங்கசாமி வண்டியைத் திருப்பினார்.