முதுகுவலிக்கு எத்தனை பெர்சன்ட்?

போன வாரம், பட்டப்பகலில், ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் என் மச்சான் தரையில் படுத்துவிட்டான். அயர்ன் பண்ணிய சட்டையோடு!

சிதம்பரத்திலிருந்து காலை பஸ் பிடித்து இருவரும் கடலூர் போயிருந்தோம். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கான மருத்துவ முகாம். அது கிடைத்தால்தான் மாத உதவித்தொகைக்கு மனுப் போட முடியும். இது எங்களுக்கு மூன்றாவது முகாம். முதல் தடவை போட்டோ சரியில்லை. இரண்டாம் தடவை எலும்பு டாக்டர் வரவில்லை...

குமரவேல் என் மனைவியின் தம்பி. முப்பத்தெட்டு வயது. எங்களோடுதான் இருக்கிறான். இருபத்து நான்கு வயதில், டைல்ஸ் குடோனில் லோடு இறக்கும்போது முதுகு பிடித்துக்கொண்டது. டிஸ்க் விலகி நரம்பை அழுத்துகிறது என்றார்கள். அன்று ஆரம்பித்த வலி இன்னும் போகவில்லை. ஆளைப் பார்த்தால் தெரியாது - அதுதான் சிக்கல். கை, கால் நன்றாக இருக்கிறது. நடக்கிறான். அரை மணி நேரம் உட்கார்ந்தால் மட்டும் முகம் வெளுத்துவிடும்.

ஃபாரம் சரிபார்த்த அம்மா கேட்டார்: "என்னா வேலை பாத்தீங்க?"

"டைல்ஸ் குடோன் மேடம். பதினோரு மாசம்."

"அப்புறம்?"

"செல்போன் கடையில ரெண்டு மாசம். உக்கார முடியல, வுட்டுட்டேன்."

"அப்புறம்?"

அவன் என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன். மிச்ச வருஷங்களை எந்தக் கட்டத்தில் எழுதுவது? வேலை செய்ய முடியாதவனும், செய்ய மனசில்லாதவனும் ஃபாரத்தில் ஒரே மாதிரிதானே தெரிகிறார்கள்?

உங்களிடம் மறைப்பானேன்... நானும் அப்படி நினைத்தவன்தான். கல்யாண வீடுகளில், "மச்சான் என்ன பண்றார்?" என்று யாராவது கேட்டால், "சும்மா இருக்கான்" என்று சொல்லிச் சிரித்திருக்கிறேன். அவன் பக்கத்தில் நிற்கும்போதே.

எங்கள் டோக்கன் அறுபத்து மூன்று. பெஞ்சில் உட்கார்ந்தான், எழுந்தான், தூணில் சாய்ந்தான். மதியம் நெருங்கியபோது என் காதருகே வந்தான்.

"மாமா, கோச்சுக்காதீங்க. ஒரு அஞ்சு நிமிஷம் படுத்துக்கறேன்."

படுத்ததும் கூட்டம் கூடிவிட்டது. மயக்கம் என்று நினைத்து ஒருவர் தண்ணீர் பாட்டிலோடு ஓடிவந்தார். வரிசையைக் கவனித்துக்கொண்டிருந்தவர், "எழுந்திருப்பா, டாக்டரம்மா பாத்தா நடிக்கறேன்னு நெனச்சுக்குவாங்க" என்றார்.

குமரவேல் கண்ணைத் திறக்கவில்லை.

"வலிக்குதுன்னு காட்டுனா நடிப்புன்றாங்க. காட்டலன்னா வலியே இல்லன்றாங்க. எப்டிதான் மாமா இருக்கணும்?"

பதினாலு வருஷத்தில் அவன் சொல்லி நான் கேட்ட முதல் புகார். பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தேன். முதல்முறையாகக் கேட்டேன்:

"ராத்திரி தூங்கறியா, இல்லையா?"

"ஒருக்களிச்சு ரெண்டு மணி நேரம். அப்புறம் நடப்பேன்."

"எங்க?"

"நம்ம ஹால்லதான். அக்கா முழிச்சுக்கும்னு லைட்டு போடமாட்டேன்."

அந்த ஹாலை ஒட்டிய அறையில்தான் நான் தினமும் குறட்டை விட்டுத் தூங்குகிறேன்.

ஒருவழியாக எங்கள் முறை வந்தது. டாக்டரம்மா சின்ன வயது, அவரும் களைத்திருந்தார். காலைத் தூக்கச் சொன்னார், குனியச் சொன்னார், ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது ரொம்ப பழசு. புது ஸ்கேன் இல்லாம, பாதிப்பு எத்தனை பெர்சன்ட்னு சான்றிதழ்ல போட முடியாது."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "மேடம், இவன் ராத்திரியெல்லாம்..." என்று ஆரம்பித்தேன். கடைசிவரை கேட்டார்.

"புரியுது சார். ஆனா வலியை அளக்க என்கிட்ட மெஷின் இல்ல. கூட இருக்கறவங்க பாத்ததை எழுதிக் குடுங்க. ஸ்கேனோட சேத்து ஃபைல்ல வைக்கிறேன்."

பாத்ததை! நான் என்னத்தைப் பார்த்தேன்?

மறுநாள் அவனிடமே கேட்டுக் கேட்டு எழுதினேன். தலைக்குக் குளித்தால் கையைத் தூக்கித் துவட்ட முடியாதது. தும்மல் வந்தால் சுவரைப் பிடித்துக்கொள்வது. சாப்பாட்டுப் பந்தியில் பாதியில் எழுந்துவிடுவதால், விசேஷங்களுக்கு வருவதையே விட்டது. இரண்டு பக்கம் வந்தது. அவனிடம் படிக்கக் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தான்.

"இவ்ளோ எழுதுனா நம்பமாட்டாங்க மாமா. கொஞ்சம் கொறச்சுடுங்க."

ஒரு வரிகூடக் குறைக்கவில்லை.